நாலாம் வாரத்துக்குள் கூப்பிட்டுப் பேசுங்கள்

வன்னியில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகச் சேர்ந்த முதல் வருடமே இருபது பிள்ளைகளுக்குக் கல்வி ஆலோசகர் என்ற பொறுப்பும் என்னிடம் வந்தது. எல்லாரையும் ஒரு வகுப்பறையில் இருத்தி, "ஏதும் பிரச்சினை எண்டால் என்ர அறைக்கு வாங்கோ" என்று சொன்னேன். ஒருவரும் வரவில்லை. ஆகவே பிரச்சினை ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

செமஸ்டர் முடிகிற நேரம், வரவு போதாமல் பரீட்சை எழுத முடியாதவர்களின் பட்டியலை ஒட்டினார்கள். என் இருபது பேரில் ஒருவனின் பதிவிலக்கமும் அதில் இருந்தது. முத்தையன்கட்டுப் பக்கத்துப் பெடியன். காலபோக நெல் அரிவு வெட்டுக்கு வீட்டில் ஆள் இல்லையென்று சனி ஞாயிறு ஊருக்குப் போனவன், திங்களும் அங்கேயே நின்றிருக்கிறான். அந்தப் பாடம் திங்கட்கிழமைதான். 15 வாரத்தில் 15 விரிவுரை. 80 வீத வரவு என்றால் 12 விரிவுரைக்கு வந்தே ஆகவேண்டும், மூன்றைத்தான் விடலாம். அவன் ஐந்தை விட்டிருந்தான். வருடத்துக்கு ஒரு முறைதான் அந்தப் பாடம் நடக்கும் என்பதால், அடுத்த பட்ச்சோடு இருந்து எழுத வேண்டியதாயிற்று.

"ஏன் தம்பி எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"நீங்கள் கேக்கேல்லையே மிஸ்" என்றான். குறை சொல்கிற குரல் இல்லை அது. உள்ளதைச் சொன்னான்.

புதிதாக ஆலோசகர் ஆகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: பிள்ளை வருமென்று காத்திருக்காதீர்கள், நீங்கள் கூப்பிடுங்கள். நாலாம் வாரம் முடிவதற்குள் ஒவ்வொருவரோடும் தனியாகப் பத்து நிமிடம். நாலாம் வாரத்தில் ஒரு பிள்ளை இரண்டு விரிவுரையை விட்டிருந்தால் இன்னும் சமாளிக்கலாம். பத்தாம் வாரத்தில் தெரியவந்தால் கவலைப்பட மட்டும்தான் முடியும்.

அந்தப் பத்து நிமிடத்தில் என்ன கேட்பது? "அப்பா என்ன செய்யிறார்?" என்று தொடங்காதீர்கள். வன்னியில் அது லேசான கேள்வி இல்லை. 2009இல் போர் முடிந்தபோது சின்னப் பிள்ளைகளாக இருந்தவர்கள் இன்று எங்கள் முன்னால் இருக்கிறார்கள். "வீட்டில ஆரார் இருக்கினம்?" என்று கேட்டால் போதும், சொல்ல விரும்புவதைப் பிள்ளையே சொல்லும். அப்புறம் எங்கே தங்குகிறார், ஊருக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை போகிறார், வயல் இருக்கிறதா, காசுக்கு என்ன வழி என்று கேட்பேன். மகாபொல, பர்சரி என்ற உதவித்தொகைகளில் ஒன்று கிடைத்தாலும் முதல் தவணை கைக்கு வரச் சில மாதமாகலாம். அந்த இடைவெளியில் சிலர் பகுதிநேர வேலைக்குப் போய்விடுவார்கள், வகுப்பு விடுபடத் தொடங்குவது அங்கேதான். ஒரு கொப்பியில் ஆளுக்கொரு பக்கம் வைத்து, அவர் போன பிறகு நாலு வரி எழுதிவைப்பேன். முன்னால் வைத்து எழுதினால் பேச்சு நின்றுவிடும்.

தெற்கிலிருந்து வருகிற சிங்களப் பிள்ளைகளுக்கு வேறு கஷ்டம். சனி ஞாயிறு போய்வர வீடு கிட்ட இல்லை. அவர்களையும் அதே நாலாம் வாரத்துக்குள் கூப்பிடுங்கள், மொழிக்குக் கூச்சப்படாதீர்கள்.

அடுத்தது முதல் அசைன்மென்ட். புள்ளியை மட்டும் பார்க்காமல் எழுத்தைப் பாருங்கள். உயர்தரம் வரை தமிழில் படித்த பிள்ளை திடீரென்று ஆங்கில விரிவுரையில் இருக்கிறது. "வாசிச்சா விளங்குது மிஸ், எழுதத்தான் வருகுதில்லை" என்று சொல்லாத முதல் வருடப் பிள்ளையை நான் குறைவாகவே கண்டிருக்கிறேன். விடையின் குறிப்புகளை முதலில் தமிழில் போட்டுவிட்டு, பிறகு சின்னச் சின்ன ஆங்கில வசனமாக எழுதச் சொல்வேன். கிழமைக்கு ஒரு பக்கம் கொண்டுவந்தால் திருத்திக் கொடுப்பேன். எட்டாம் வாரம் அளவில் பலருக்கு என் திருத்தம் தேவைப்படுவதில்லை. எங்கள் நேரம் கொஞ்சம் போகும்தான். பிள்ளைக்கு அது நாலு வருடத்துக்கும் உதவும்.

இடைப்பரீட்சைப் புள்ளி வந்ததும் ஜீபீஏ என்ற சராசரித் தரப்புள்ளிக் கணக்கை ஒரு தாளில் போட்டுக் காட்டுங்கள். பிள்ளைகளுக்கு அது தெரியும் என்று நாங்கள் நினைக்கிறோம், பலருக்குத் தெரியாது. ஏ என்றால் 4.0, சி என்றால் 2.0. அதைப் பாடத்தின் எடையான கிரெடிட்டால் பெருக்க வேண்டும். 3 கிரெடிட் பாடத்தில் சியும் 2 கிரெடிட் பாடத்தில் ஏயும் எடுத்தால் 6 உம் 8 உம் கூட்டி 14, ஐந்தால் பிரித்தால் 2.8. அதையே மாற்றி, 3 கிரெடிட்டில் ஏ, 2 கிரெடிட்டில் சி என்றால் 3.2. ஒரு பிள்ளை இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு, தனக்குப் பிடித்த 2 கிரெடிட் பாடத்திலேயே மூழ்கிக் கிடந்ததை விட்டு, பயந்து ஒதுக்கிய 3 கிரெடிட் பாடத்தைக் கையில் எடுத்தது. "நல்லாப் படி" என்று நான் நூறு தரம் சொல்லியிருந்தாலும் அது நடந்திராது.

ஸ்டடி லீவுக்கு முன் ஒரு விஷயத்தை மறக்காமல் சொல்லுங்கள்: பரீட்சை நாளில் காய்ச்சல் வந்தால் மெடிக்கலை (வைத்தியச் சான்றிதழை) யாரிடம், எத்தனை நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது. உங்கள் பீடத்தின் விதியைப் பார்த்து எழுத்திலேயே கொடுங்கள். மெடிக்கல் ஏற்கப்பட்டால் அடுத்த முறை எழுதுவது முதல் தடவையாகவே கணக்கில் வரும். இல்லையென்றால் அது ரிப்பீட், எவ்வளவு நன்றாக எழுதினாலும் பெரும்பாலும் சி தரத்துக்கு மேல் கிடைக்காது. டெங்கு காய்ச்சலோடு விடுதியில் படுத்துக் கிடக்கிற பிள்ளைக்கு அந்த நேரம் விதிப் புத்தகம் தேட முடியாது.

சில விஷயங்கள் எங்கள் கைக்கு மேலே போகும். பகிடிவதை, நித்திரையில்லாமல் தவிப்பது, சாவதைப் பற்றிய பேச்சு. அதைக் கேட்டால் அறிவுரை சொல்ல உட்காராதீர்கள். பிள்ளையைத் தனியே அனுப்பாமல், மாணவர் ஆலோசகரிடமோ வைத்தியரிடமோ நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்.

பெறுபேறு வந்த அன்று நான் முதலில் அழைப்பது ஏதாவது பாடத்தைத் தவறவிட்டவர்களைத்தான். நடைபாதையில் எல்லார் முன்னாலும் பேசுவதில்லை, போனில் பேசி அடுத்த நாள் வரச் சொல்வேன். வரும்போது அந்தப் பாடம் மறுபடி எப்போது நடக்கும், எந்த நாள், அந்த நேரத்தில் வேறு பாடம் மோதுகிறதா என்று நேரசூசியைப் பார்த்து வைத்திருப்பேன். முத்தையன்கட்டுப் பெடியனுக்கும் அப்படித்தான் செய்தோம். அடுத்த காலபோகம் வருவதற்கு முன்பே, எந்தெந்தத் திங்கட்கிழமை வயலுக்கு ஆள் பிடிக்க வேண்டும் என்று அவன் வீட்டில் பேசி முடித்திருந்தான்.