கேனிங் பாதைக்கு இரண்டாவது டேங்க்

மார்ச் 2, 2019, சனி. பெர்த்

மேற்கு ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் முன்பு மாடு ஓட்டிச் சென்ற கேனிங் ஸ்டாக் ரூட் என்ற பாதையில் ஜூலையில் போவது முடிவாகிவிட்டது. வைலூனாவில் தொடங்கி ஹால்ஸ் க்ரீக் வரை ஏறக்குறைய 1850 கிலோமீட்டர். மணல் மேடுகளே எண்ணூறுக்கு மேல். வழிநெடுக எண் போட்ட பழைய கிணறுகள். நடுவில் டீசல் வாங்க ஊர் என்றால், 33ஆம் கிணற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் குனாவரிட்ஜிதான். வைலூனாவிலிருந்து அங்கே போய்ச் சேர 1000 கிலோமீட்டர் ஆகும்.

என் வண்டி 2014 லேண்ட் க்ரூஸர் 79, நான்கு கதவு. டேங்க் 130 லிட்டர். சுமையோடு தார் ரோட்டில் 100 கிலோமீட்டருக்கு 14 லிட்டர் குடிக்கும். டயர் காற்றை இறக்கிவிட்டு, லோ ரேஞ்சில் (இழுவை கூடிய தாழ்ந்த கியரில்) மணல் ஏறும்போது 20 என்றாவது வைக்க வேண்டும். அப்படியானால் 200 லிட்டர். வழி தப்பி அலைந்தால் அதற்கும் கொஞ்சம் வேண்டும்.

வண்டியின் கூரையில் ஐந்தாறு ஜெர்ரி கேன் (20 லிட்டர் டீசல் கேன்) கட்டிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. நூறு கிலோவுக்கு மேல் தலையில் ஏற்றி மேட்டின் சரிவில் குறுக்கே சாய்ந்தால் என்ன ஆகும் என்று சுரங்க வேலையில் பார்த்திருக்கிறேன். எடை கீழேதான் இருக்க வேண்டும். ஸ்டெப்னி தொங்கும் இடத்தைக் காலி செய்து, பின் அச்சுக்குப் பின்னால் 110 லிட்டரில் ஒரு டேங்க். ஒரு பட்டறையில் சொல்லியாயிற்று.

மார்ச் 16, சனி

டேங்க் வந்தது. 35 கிலோ. உள்ளே டீசல் அலைமோதாமல் இருக்கத் தடுப்புத் தகடுகள் வைத்திருக்கிறார்கள். வெல்டிங் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

ஆனாலும் மூடியைக் கழற்றி, கயிற்றில் கட்டிய காந்தத்தை உள்ளே விட்டு மெதுவாக இழுத்தேன். வெளியே வந்த காந்தத்தில் கறுப்பாக, பூனை முடி மாதிரி, அரைத்த இரும்புத்தூள் சிலிர்த்துக்கொண்டு நின்றது. நடுவே கடுகளவு வெல்டிங் உருண்டைகள் நான்கைந்து. துடைத்துவிட்டு மறுபடி விட்டேன், மறுபடியும் முடி. காமன் ரெயில் இன்ஜின் இது, டீசலை மிக அதிக அழுத்தத்தில் பீய்ச்சும் வகை. இந்தத் தூள் பீய்ச்சுகிற இன்ஜெக்டர் வரை போனால் பாலைவனத்தின் நடுவில் வண்டி நின்றுவிடும். ஐந்து லிட்டர் டீசல் ஊற்றிக் குலுக்கி, மெல்லிய துணியில் வடிகட்டி, மூன்று முறை கழுவினேன். மூன்றாவது துணி சுத்தமாக இருந்தது.

புது டேங்க் வாங்குகிற எல்லோரும் தயவுசெய்து இதைச் செய்யுங்கள். அரை நாள் வேலை.

மார்ச் 23, சனி

மாட்டுவதற்கு முன் வண்டியை எடை மேடைக்குக் கொண்டுபோனேன். ஆள் இல்லாமல், பழைய டேங்க் நிறைந்த நிலையில், முன் அச்சு 1280, பின் அச்சு 1180. மொத்தம் 2460 கிலோ. என் வண்டிக்கு அனுமதித்த மொத்த எடை 3300.

பின் அச்சுக்குப் பின்னால் வைக்கிற எடை துலாக்கோலில் நுனியில் வைத்தது போல. இந்த வண்டியில் அச்சுக்கு அச்சு 3180 மில்லிமீட்டர். டேங்கின் நடுப்பகுதி பின் அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால் வருகிறது. அங்கே 100 கிலோ வைத்தால் பின் அச்சில் 131 கிலோ இறங்கும், முன் அச்சிலிருந்து 31 கிலோ கழியும். முன்பக்கம் லேசானால் ஸ்டியரிங் மிதக்கும். அதனால் ஸ்டெப்னியைப் பின்னால் தொங்கவிடாமல், கேபினை ஒட்டி, பின்னால் சாமான் ஏற்றும் தொட்டியின் முன் ஓரத்தில் நிறுத்தப் போகிறேன்.

மார்ச் 30, சனி

யாழ்ப்பாணத்து அண்ணர் காலை ஏழு மணிக்கே வந்துவிட்டார். அறுபது வயது, லாரி வேலையில் முப்பது வருடம். அவர் இல்லாமல் நான் இதைத் தொட்டிருக்க மாட்டேன்.

டேங்கை வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் நான்கு மூலையிலும் இறுக்கிப் பிடிப்பதாக வரைந்து வைத்திருந்தேன். அவர் பார்த்துவிட்டு, "தம்பி, உந்தச் சேஸிஸ் முறுகுமெல்லோ? நாலு பக்கமும் இறுக்கினா டாங்கியும் சேர்ந்து முறுகும். பிறகு வெல்டிங்தான் வெடிக்கும்" என்றார். உண்மைதான். 79இன் சேஸிஸ் மேடுபள்ளத்தில் நன்றாக வளைந்துகொடுக்கும், அதுவே அதன் பலம். முன்னால் இரண்டு, பின்னால் நடுவில் ஒன்று என்று மூன்று பிடிப்பாக மாற்றினோம். ஒவ்வொன்றிலும் ரப்பர் புஷ். சேஸிஸில் புதிதாக ஓட்டை போடவில்லை, கம்பெனி விட்டிருந்த ஓட்டைகளே போதுமாக இருந்தன.

ஜாக்கியில் பலகை வைத்து டேங்கைத் தூக்கி, போல்ட் கோக்கும்போது மணி இரண்டு. சைலன்சர் குழாய்க்கும் டேங்குக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி, அதோடு ஒரு வெப்பத் தடுப்புத் தகடு. டேங்கிலிருந்து சேஸிஸுக்கு எர்த் வயர். வீட்டில் அண்ணருக்காகவே மீன் குழம்பு வைத்திருந்தார்கள்.

ஏப்ரல் 6, சனி

பம்ப், வயரிங். 12 வோல்ட் பம்ப், அதற்கு முன்னால் ஃபில்டர், தனி ரிலே, தனி ஃபியூஸ். பம்பை டேங்குக்கு அருகே தாழ்வாக வைத்தோம். இந்த வகை பம்ப் தள்ளுவதில் கெட்டி, உறிஞ்சுவதில் அவ்வளவு இல்லை. டீசல் இதன் வழியே நேராக இன்ஜினுக்குப் போகாது. பழைய டேங்கின் வாய்க்குழாயில் சேர்ந்து, அங்கிருந்து வழக்கம்போல் போகும். ஓடிய வேகத்தை ஒரு கேனில் பிடித்துப் பார்த்தோம். 20 லிட்டர் நிறைய 9 நிமிடம்.

ஏப்ரல் 7, ஞாயிறு

முதல் முறை பங்கில் நிரப்பப் போய், சரியாக அமையவில்லை. 30 லிட்டரில் டீசல் ஊற்றும் துப்பாக்கி டக்கென்று நின்றது. மறுபடி அழுத்தினால் இரண்டு லிட்டர், மறுபடி டக். நான்காவது முறை டீசல் பொங்கிச் சட்டையில் அடித்தது. பின்னால் மூன்று வண்டிகள் காத்திருந்தன. தரையை மணல் போட்டுத் துடைத்துவிட்டுத் திரும்பினேன்.

அண்ணர் கீழே படுத்து டார்ச் அடித்த ஒரே நிமிடத்தில், "இஞ்ச பார், காத்து எங்கால போறது?" என்றார். காற்று வெளியேறும் குழாய் சேஸிஸைத் தாண்டும் இடத்தில் மடங்கி, சப்பையாகக் கிடந்தது. டீசல் உள்ளே போக வேண்டுமானால் அதே அளவு காற்று வெளியே வர வேண்டும். நான்தான் போன வாரம் கிளிப் போட்டு அங்கே இழுத்துக் கட்டியிருந்தேன். குழாயை நீளமாக மாற்றி, பெரிய வளைவாக மேலே ஏற்றிவிட்டோம்.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை ஒன்று. பாயசம் சாப்பிட்டு எழுந்ததும் பங்குக்கு. இந்த முறை ஒரே ஓட்டத்தில் நிறைந்தது. காலி டேங்கில் ஏறியது 104 லிட்டர், சொன்ன 110 இல்லை. மேலே காற்றுக்கு இடம் வேண்டுமே. அடியில் பம்புக்கு எட்டாமல் 5 லிட்டர் தங்கிவிடும் என்று வெளியே இறைத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஆக, கையில் 99. காகிதக் கணக்குக்கும் இதற்கும் 11 லிட்டர் வித்தியாசம். மணலில் அது 55 கிலோமீட்டர்.

எடை மேடை: முன் 1260, பின் 1320, மொத்தம் 2580. ஸ்டெப்னியை முன்னால் நகர்த்தியது பலன் தந்திருக்கிறது, முன் அச்சில் 20 கிலோதான் குறைந்தது.

அப்பா லாரி ஓட்டிய காலத்தில் டேங்குக்குள் ஒரு குச்சியை விட்டுத்தான் டீசல் பார்ப்பார். முள் பொய் சொல்லும், குச்சி சொல்லாது என்பார். நானும் மேல் மூடி வழியாக விட ஒரு மூங்கில் குச்சி செய்து, பத்துப் பத்து லிட்டராக ஊற்றிக் கோடு கீறி வைத்தேன்.

இரவு அந்தப் பாதையைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். ஆல்ஃபிரட் கேனிங் 1906இல் அளக்கப் புறப்பட்டபோது, தண்ணீர் இருக்கும் இடத்தைக் காட்டச் சொல்லி அந்த மண்ணின் மக்களைப் பிடித்துச் சங்கிலியால் கட்டி நடத்தினார். கூடப் போன சமையல்காரர் புகார் கொடுத்து, 1908இல் விசாரணை ஆணையம் வரை போயும் தண்டனை இல்லை. அந்தக் கிணறுகளின் எண்களைத்தான் நாங்கள் வரைபடத்தில் குறித்து வைத்திருக்கிறோம். 33 என்று எழுதும்போது கை கொஞ்சம் தயங்கியது.

ஏப்ரல் 20, சனி. கல்கூர்லி

பெர்த்திலிருந்து கல்கூர்லி போய்த் திரும்பினால் 1190 கிலோமீட்டர். வழியில் ஒரு சொட்டும் வாங்குவதில்லை என்று நேற்றுப் புறப்பட்டோம். சாலையோரமாகவே குடிநீர்க் குழாய் கூட வருகிறது. 1903இலிருந்து பெர்த் மலைகளின் தண்ணீரை இந்த வறண்ட ஊருக்குத் தள்ளிக்கொண்டிருக்கிறது. பம்பையே நினைத்துக்கொண்டு ஓட்டியவனுக்கு அது நல்ல துணை.

பழைய டேங்க் தீரும்வரை ஓட்டிவிட்டு அப்புறம் புது டேங்கின் டீசலை அதற்கு மாற்றலாம் என்றிருந்தேன். அண்ணர் கூடாது என்றார். "டாங்கியில இடம் வந்த உடனை மாத்திப் பார். பம்ப் வேலை செய்யாட்டி, திரும்பி வாறதுக்குப் பழைய டாங்கியில டீசல் கிடக்கோணும்." இதை நான் யோசிக்கவே இல்லை. கடைசியில் மாற்றுகிறவனுக்குப் பம்ப் செத்தது தெரியும்போது 99 லிட்டர் முதுகில் இருந்தும் பயன் இல்லாமல் போகும். மெரடினில், 260 கிலோமீட்டரில், 38 லிட்டர் குறைந்ததும் 14 நிமிடம் பம்பை ஓட்டினேன். 30 லிட்டர் வந்தது. அதிகமாக விட்டால் பழைய டேங்க் நிரம்பி வழியும், அதனால் போனில் டைமர் வைத்தேன். குச்சியும் அதே கணக்கைச் சொன்னது.

ஏப்ரல் 22, திங்கள். பெர்த்

வீடு வந்ததும் நிரப்பியது 173 லிட்டர். கசிவு இல்லை. பிடிப்புகளில் ஒன்றில் போல்ட் அரைச் சுற்று தளர்ந்திருந்தது, இறுக்கிப் பெயிண்டால் கோடு போட்டுவிட்டேன், இனி தளர்ந்தால் கண்ணில் படும்.

இரண்டு டேங்கும் சேர்ந்து கையில் 225 லிட்டருக்குக் கொஞ்சம் கூட. மணலில் 20 என்றால் 1100 கிலோமீட்டர் தாண்டும். 23 ஆனால் குனாவரிட்ஜிக்கு முன்பே தீரும். ஆகவே இரண்டு ஜெர்ரி கேன் மட்டும், தொட்டியில் தரையோடு தரையாக. பம்ப் நின்றால் கையால் இறைக்க ஒரு ரப்பர் பந்தும் மூன்று மீட்டர் ஹோஸும் வாங்க வேண்டும். அடுத்த சனிக்கிழமை, பெர்த்துக்கு வடக்கே கடற்கரையில் இருக்கும் லான்செலின் ஊர் மணலில் எவ்வளவு குடிக்கிறது என்று பார்க்கிறோம். அண்ணர் இடியப்பம் கொண்டுவருகிறாராம்.