வவுனியா ஸ்டேசனில் கோச்சி ஏன் காத்து நிற்கிறது

வவுனியா ஸ்டேசனில் வண்டி பத்து நிமிடம் அசையாமல் நின்றால், எஞ்சின் பழுதாம் என்ற கதைதான் பெட்டிக்குள் முதலில் கிளம்பும். பெரும்பாலும் எஞ்சினில் ஒரு குறையும் இருக்காது. வடக்கிலிருந்து எதிர்க் கோச்சி ஒன்று ஓமந்தையைத் தாண்டி வந்துகொண்டிருக்கும், அவ்வளவுதான். வவுனியாவுக்குத் தெற்கேயும் வடக்கேயும் பாதை ஒற்றைத் தண்டவாளம். எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகள் ஒன்றையொன்று கடக்க வேண்டுமானால், பக்கப் பாதை உள்ள ஒரு ஸ்டேசனில் ஒன்று ஒதுங்கி நிற்கவேண்டும். வன்னிக்கான ரயில் சேவையின் நல்லதும் கெட்டதும் இந்த ஒரு விசயத்தில்தான் தொங்குகிறது.

ஒரு பேச்சுக்கு, இரண்டு ஸ்டேசன்களுக்கு இடைப்பட்ட ஓட்டம் 15 நிமிடம் என்று வைப்போம். எதிர் வண்டி 20 நிமிடம் பிந்துகிறது. நேரத்துக்கு வந்த வண்டியை இங்கேயே மறித்து வைக்கலாம், அல்லது அடுத்த ஸ்டேசனுக்கு அனுப்பி அங்கே கடக்க வைக்கலாம். அனுப்புவதென்றால் அங்கே பக்கப் பாதை காலியாக இருக்கவேண்டும், வண்டி முழு நீளத்துக்கும் அதில் அடங்கவேண்டும். வெறும் மேடை மட்டும் உள்ள சிறு தரிப்பிடங்களில் இதற்கு வழியே இல்லை. ஆகவே மறிக்கிறார்கள். நேரத்துக்கு வந்த வண்டியும் இப்போது பிந்திய வண்டி. அது தெற்கே போய் அடுத்த கடவில், அதாவது வண்டிகள் ஒன்றையொன்று கடக்கும் அடுத்த இடத்தில், இன்னொன்றைப் பிந்த வைக்கும். காலையில் தெற்கே மாகோச் சந்திக்குப் பக்கத்தில் ஏற்பட்ட ஒரு தாமதம் மாலையில் கிளிநொச்சியில் தெரிவது இப்படித்தான்.

பழைய முறையில் இந்தப் பாதுகாப்பு ஓர் உலோக வில்லையில் இருந்தது. இரண்டு ஸ்டேசன்களிலும் மின்கம்பியால் இணைந்த டப்ளட் பெட்டிகள் இருக்கும். ஒரு பெட்டியிலிருந்து வில்லையை எடுத்துவிட்டால், அதைத் திரும்பப் போடும்வரை இரண்டு பெட்டிகளுமே அடுத்த வில்லையைத் தராது. வளையத்தோடு சேர்ந்த தோல் உறையில் வில்லையை வைத்துச் சாரதியிடம் கொடுப்பார்கள். அது கையில் இல்லாமல் அவர் அந்த இரண்டு ஸ்டேசன்களுக்கு இடைப்பட்ட பாதைத் துண்டுக்குள் நுழையமுடியாது. யுத்தத்துக்குப் பிறகு திருத்திக் கட்டிய வடபகுதியில் வண்ண விளக்குச் சமிக்ஞை வந்துவிட்டது. வில்லை போனாலும் விதி போகவில்லை: ஒரு துண்டுக்குள் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான்.

பாதையை வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் கட்டிக்கொண்டு வந்தார்கள். காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையில் 1902 மார்ச்சிலேயே வண்டி ஓடியது. தெற்கிலிருந்து வந்த பாதை 1904 இல் அநுராதபுரத்தைத் தொட்டது. கடைசியாக இணைந்தது நடுவில் கிடந்த வன்னிக் காடு. 1905 ஆகஸ்ட் 1 இல் கொழும்பிலிருந்து வடக்குக்கு முழுப் பாதையும் திறந்தது. 1956 ஏப்ரலில் யாழ்தேவி கடுகதி வந்தது. காங்கேசன்துறைச் சீமெந்தும் இதே தண்டவாளத்தில்தான் தெற்கே போனது.

1990 ஜூனில் யுத்தத்தால் வடக்குச் சேவை அறுந்த பிறகு, நடுவழி ஸ்டேசனாக இருந்த வவுனியா கடைசி ஸ்டேசனானது. கடைசி ஸ்டேசனின் வேலையே வேறு. வந்த எஞ்சினைக் கழற்றி, பக்கப் பாதையால் சுற்றிக் கொண்டுவந்து மறு முனையில் பூட்டவேண்டும். வக்கும் பிரேக் உள்ள வண்டியில் பெட்டிக்குப் பெட்டி ரப்பர்க் குழாய் இணைப்பு உண்டு. எஞ்சின் காற்றை உறிஞ்சி வெற்றிடம் உண்டாக்கினால்தான் பிரேக் விடுபடும். ஒரு குழாய் வாய் சரியாகப் பொருந்தாமல் காற்றை இழுத்தால், கார்ட் பெட்டியிலுள்ள மானியில் முள் ஏறாது, வண்டி நகராது. பின்விளக்கை மாற்றி மாட்டி, மானியைப் பார்த்து, அதன் பிறகே பச்சைக் கொடி. இதோடு பாஸ் கெடுபிடியும் சோதனையும் சேர்ந்த வருடங்கள் அவை. வடக்கே கிடந்த தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் பங்கர்களுக்குப் போய்விட்டன.

மீண்டது துண்டு துண்டாகத்தான். 2009 ஜூனில் தாண்டிக்குளம், 2011 மே மாதம் ஓமந்தை, 2013 செப்டெம்பரில் கிளிநொச்சி, 2014 மார்ச்சில் பளை, அதே வருடம் ஒக்டோபரில் யாழ்ப்பாணம், 2015 ஜனவரியில் காங்கேசன்துறை. இந்தியக் கடனுதவியில் இர்கொன் நிறுவனம் புதுத் தண்டவாளமும் கொங்கிறீற் சிலிப்பரும் போட்டது. அதன்பின் வவுனியாவுக்கு வடக்கே பாதை புதிது, தெற்கே பழையது என்ற நிலை பல வருடம் இருந்தது. தெற்குப் பகுதிக்கும் கை வைத்தபோது 2023 ஜனவரியிலிருந்து ஜூலை வரை அநுராதபுரம் – வவுனியா ஓட்டம் நின்றது. 2024 இல் மாகோ – அநுராதபுரம் பகுதி மூடப்பட்டு ஒக்டோபரில்தான் திறந்தது.

இனிப் பயணத்துக்கு. ஆசனப் பதிவு 30 நாளுக்கு முன் திறக்கும். தைப்பொங்கல், நல்லூர்த் திருவிழா, நீண்ட விடுமுறைகள் என்றால் திறக்கும் அன்றே பதிவதுதான் புத்தி. இணையத்தில் பதியும்போது பயணம் செய்பவரின் அடையாள அட்டை இலக்கத்தையே கொடுங்கள், அதே அட்டையைக் கையில் கொண்டு போங்கள். மற்றவர் பெயரில் வாங்கி விற்கும் ரிக்கெற்றுக்குச் சோதனையில் மதிப்பில்லை. பதிவில்லாத மூன்றாம் வகுப்பு ரிக்கெற் கவுண்டரில் கிடைக்கும். ஆனால் அது ஏறத்தான் உரிமை தரும், இருக்கத் தராது. நேர அட்டவணை அடிக்கடி மாறுவதால் இங்கே நேரங்களைப் போடவில்லை. புறப்படும் நாளில் ஸ்டேசனுக்கே அழைத்துக் கேளுங்கள்.

எங்கே இறங்குவது என்பதில்தான் பலர் வீணாக அலைகிறார்கள். முல்லைத்தீவு, ஒட்டுசுட்டான் போவோருக்கு மாங்குளம். நெடுங்கேணிக்குப் புளியங்குளம். தருமபுரம், விசுவமடு, பூநகரிப் பக்கம் என்றால் பரந்தன். கடுகதிகள் இந்த இடங்களில் எல்லாம் நிற்பதில்லை, ரிக்கெற் எடுக்கும்போதே கேட்டுவிடவேண்டும். மன்னாருக்கும் செட்டிகுளத்துக்கும் ரயிலில் போவதென்றால் மதவாச்சி வரை தெற்கே போய் மாறவேண்டும். வவுனியாவில் இருப்பவருக்கு பஸ்தான் லேசு. மட்டக்களப்பு, திருகோணமலைக்கு மாகோவில் மாறலாம், கண்டிக்குப் பொல்காவலையில். ஆனால் நீங்கள் வரும் வண்டி பிந்தினால் மற்றது காத்திருக்கும் என்று நம்பவேண்டாம். குறைந்தது ஒன்றரை மணி இடைவெளி வைத்துத் திட்டமிடுங்கள்.

மோட்டார் சைக்கிள் அனுப்புவோர் பெற்றோலை முற்றாக வடித்துவிட்டு, வாகனப் புத்தகப் பிரதியோடு இரண்டு மணி நேரம் முன்னதாகப் பொதி அலுவலகத்துக்குப் போகவேண்டும். கண்ணாடிகளைக் கழற்றி, ஹாண்டிலிலும் விளக்கிலும் சாக்குச் சுற்றுங்கள். பெறுபவரின் பெயரையும் சேரும் ஸ்டேசனையும் இரண்டு இடத்தில் கட்டுங்கள், ஒன்று அறுந்தாலும் மற்றது இருக்கும். எஞ்சின் இழுக்கும் வண்டியில் கார்ட் பெட்டியோடு பொதிக்கு இடம் உண்டு. தனி எஞ்சின் இல்லாமல் பெட்டித் தொடரோடு மோட்டார் சேர்ந்தே வரும் தொடர்வண்டிகளில் அந்த இடம் மிகக் குறைவு. அதனால் எந்த வண்டியில் ஏற்றுவார்கள் என்பதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சேர்ந்த பொதியை எடுக்கப் பிந்தினால் தாமதக் கட்டணம் விழும்.

நெல்லும் உழுந்தும் பப்பாசியும் ஏன் லொறிக்குப் போய்விட்டன என்பதற்குக் கூலிக் கணக்குப் போதும். ரயிலில் ஒரு மூட்டையை வயலில் ஏற்றி, ஸ்டேசனில் இறக்கி, பெட்டியில் ஏற்றி, அங்கே இறக்கி, மறுபடி வாகனத்தில் ஏற்றி, சந்தையில் இறக்கவேண்டும். ஆறு கைமாற்றம். லொறியில் இரண்டு. பப்பாசி ஆறு கையைத் தாங்காது. நெல் தாங்கும், ஆனால் ஏ9 வீதி திறந்திருக்கும்வரை அந்தக் கூலியை யாரும் கொடுக்கமாட்டார்கள்.

வீதி தண்டவாளத்தைக் குறுக்கே கடக்கும் கடவைகளைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. பெட்டியிழுத்த உழவு இயந்திரம் ஏறத்தாழ 8 மீற்றர் நீளம். தண்டவாளத்தையும் இரு பக்க இடைவெளியையும் சேர்த்தால் முழுதாக வெளியேற 14 மீற்றர் போகவேண்டும். மணிக்கு 5 கிலோமீற்றரில் ஊர்ந்தால் பத்து வினாடி. 100 கிலோமீற்றரில் வரும் கோச்சி அந்தப் பத்து வினாடியில் 280 மீற்றர் வந்துவிடும். பிரேக் போட்டாலும் அந்தத் தூரத்துக்குள் நிற்காது. நேர்ப்பாதையில் தூரத்து வண்டி அசையாததுபோலத்தான் தெரியும். கண்ணை நம்பாமல் நிறுத்துங்கள், எஞ்சினையும் பாட்டையும் அணைத்துக் காதைக் கொடுங்கள். மூங்கில் தடி போட்டு மறிக்கும் காவலாளிகள் சொற்பப் படிக்கு இராப் பகலாக இருக்கிறார்கள். அவர்கள் தடியை இறக்கும்போது முந்திக்கொண்டு போவது பெரும் அநியாயம்.

தண்டவாளத்தில் மாடு அடிபடுவதற்கு வேறு காரணம். மாரி மழையோடு செய்யும் காலபோகத்தில் வயலெல்லாம் விதைத்துவிட, மேய்ச்சல் தரவை இல்லாத மாடுகள் வெளியே துரத்தப்படுகின்றன. மாரியில் சுற்றிவரத் தண்ணீர். உயர்ந்து காய்ந்து கிடப்பது தண்டவாள மேடு ஒன்றுதான், இரவில் மந்தையாக அங்கே ஏறிப் படுக்கும். மோதினால் மாட்டுக்காரருக்கு நட்டம். வண்டியில் பிரேக் குழாய் அறுந்தால் நடுக்காட்டில் எல்லோரும் இருக்கவேண்டியதுதான், அடுத்த கடவுகள் எல்லாம் குலையும். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை, பாதைக்குப் பக்கத்துக் கிராமங்களில் மாடுகளை இரவில் பட்டியில் அடைத்தால் பெருமளவு தப்பலாம்.

பெரிய கட்டடமோ மின்சாரப் பலகையோ எங்கள் முதல் கோரிக்கை இல்லை. நீண்ட பக்கப் பாதைகள் வேண்டும், காவல் உள்ள கடவைகள் வேண்டும். கொழும்பு மெயில் நள்ளிரவு கடந்து வவுனியாவில் இறக்கிவிடும் சனத்துக்கு, செட்டிகுளம் பக்கமும் நெடுங்கேணிப் பக்கமும் போக ஒரு பஸ் வேண்டும். அந்த பஸ் மணிக்கூட்டைப் பார்த்துப் புறப்படக்கூடாது, மெயில் வந்த பிறகுதான் புறப்படவேண்டும்.