தேய்ந்த ரேகையும் லேப்டாப்பும்

புது லேப்டாப்புக்குக் கொட்டேஷன் வாங்கும்போதெல்லாம் நிர்வாகத்திலிருந்து வரும் முதல் கேள்வி, "லாகினுக்கு விரல் ரேகையா, முகமா, எது பாதுகாப்பு?" என்பதுதான். கோவையில் வார்ப்படமும் பம்பும் செய்யும் ஆலை ஒன்றில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இந்தக் கேள்விக்குக் காகிதத்தில் பதில் உண்டு. வேற்றாளை உள்ளே விட்டுவிடும் வாய்ப்பு ரேகையில் 0.002 சதவீதத்துக்குள்ளும், முகத்தில் 0.001 சதவீதத்துக்குள்ளும் இருக்க வேண்டும் என்று, ரேகை, முகம், பின் நம்பர் கொண்டு விண்டோஸைத் திறக்கும் வசதியான விண்டோஸ் ஹலோவுக்கு மைக்ரோசாஃப்ட் வரையறை வைத்திருக்கிறது. சரி, நல்ல கணக்குதான். ஆனால் நான் தினமும் பார்க்கும் சிக்கல் வேறு. வேற்றாள் உள்ளே வருவதைவிட, உரியவரே வெளியே நிற்பதுதான் இங்கே அதிகம்.

மணலில் அச்சு எடுக்கும் மோல்டிங் பகுதியின் சூப்பர்வைசர் அண்ணனுக்கு ரேகை லாகின் வைத்துக்கொடுத்தோம். பல வருடம் மணலில் புழங்கிய கை. கட்டைவிரல் நுனி கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கும். சென்சாரில் விரலை வைப்பார், எடுப்பார், சட்டையில் துடைப்பார், மறுபடி வைப்பார். "தம்பி, ரேஷன் கடை மெஷின்லயே எனக்கு ரேகை விழறதில்லீங்க, இதுல எங்க விழப்போகுது" என்றார். அவர் சொன்னது சரிதான். லேப்டாப்பில் பெரும்பாலும் இருப்பது மின்தேக்க சென்சார். ரேகையின் மேடு தொடும் இடத்துக்கும் பள்ளம் விலகி நிற்கும் இடத்துக்கும் உள்ள மின் வித்தியாசத்தை வைத்து அது படம் எடுக்கிறது. மேடு தேய்ந்துபோனால் படத்தில் ஒன்றும் நிற்காது. கை ஈரமாக இருந்தால் பள்ளத்தில் தண்ணீர் நிரம்பிக்கொள்ளும். மெஷின் ஷாப்பில் கூலன்ட் எண்ணெய் படிந்த விரலுக்கும் ஏறக்குறைய இதே கதிதான்.

ரேகை விழவில்லை என்றால் அடுத்து என்ன செய்வார்? பின் நம்பருக்குப் போவார். 1234, 1111 போன்றவற்றை விண்டோஸே மறுத்துவிடும், ஆனால் பிறந்த வருடத்தை மறுக்காது. நாலைந்து முறை ரேகை மறுக்கப்பட்ட மனிதர் பொறுமையாக நீளமான பின் யோசிக்கமாட்டார். ஷிப்ட் முடிவதற்குள் அந்த நம்பர் பக்கத்து சீட்டுக்கும் தெரிந்திருக்கும். அப்புறம் யார் போட்ட ரிஜெக்‌ஷன் என்ட்ரியாக இருந்தாலும் அவர் பெயரில்தான் நிற்கும். எத்தனை காஸ்டிங் (வார்ப்பு) பழுதென்று கழிக்கப்பட்டது, யார் பொறுப்பு என்று மாதக் கூட்டத்தில் கேட்கும்போது அவர்தான் எழுந்து பதில் சொல்ல வேண்டும். அவரவர் கைக்கு ஒத்துவராத லாகினைத் திணிப்பதை நான் அநியாயம் என்று சொல்வது இதனால்தான்.

அவருக்கு இப்போது முகம்தான். வியர்வையோ நெற்றியில் விபூதியோ அதற்குப் பொருட்டில்லை. சாதாரண வெப்கேமை நம்பி முகத்தைப் பார்த்த காலத்தில், போட்டோவைக் காட்டியே திறக்க முடிந்தது. வியட்நாம் ஆய்வாளர்கள் 2009-ல் லெனோவோ, ஆசுஸ், டோஷிபா லேப்டாப்களில் அதைச் செய்து காட்டினார்கள். 2015-ல் விண்டோஸ் 10 உடன் வந்த ஹலோவுக்கு அகச்சிவப்புக் கேமரா வேண்டும். காகிதத்தில் அச்சடித்த சாதாரண போட்டோவைக் காட்டி அதை ஏமாற்றுவது எளிதில்லை. ஒரு தொந்தரவு வெயில். மேற்கு ஜன்னலோரம் மாலையில் உட்கார்ந்தால் சில நாள் தடுமாறும்.

அக்கவுண்ட்ஸ் பகுதிக்கு மட்டும் ரேகையே இருக்கட்டும் என்று பிடிவாதமாக இருக்கிறேன். முகம் லாகினில் பூட்டிய திரையை எழுப்ப ஒரு கீயைத் தட்டினால் போதும். எதிரே இருக்கும் முகத்தைப் பார்த்துத் திறந்துவிடும். தட்டியது யார் கை என்று அதற்குத் தெரியாது. பேமென்ட் போடும் மேஜையில் அது ஆகாது. விரலை வைப்பது உரியவரே தெரிந்து செய்யும் காரியம். 2023-ல் மைக்ரோசாஃப்டே கேட்டு நடந்த ஆய்வில் டெல், லெனோவோ, சர்ஃபேஸ் என மூன்று கருவிகளிலும் ரேகை லாகினை உடைத்துக் காட்டினார்கள், உண்மை. ஆனால் அதற்கு லேப்டாப் அவர்கள் கைக்குப் போயிருக்க வேண்டும். எங்கள் அக்கவுண்ட்ஸ் அறையில் எனக்குள்ள கவலை, பக்கத்தில் வந்து நிற்கும் ஆளைப் பற்றியது.

அங்கிருக்கும் அக்கா ஒருவர், "என் ரேகைய கம்பெனி எடுத்து வச்சுக்குமா சார்?" என்று கேட்டார். நியாயமான பயம். வாசலில் இருக்கும் அட்டெண்டன்ஸ் மெஷின் எல்லோருடைய ரேகைப் பதிவையும் தன்னிடமே வைத்திருக்கிறது. லேப்டாப்பில் அப்படி இல்லை. பதிவு அந்தக் கருவியை விட்டு வெளியே போவதில்லை, இன்னொரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்தால் மறுபடி பதிய வேண்டும். இதை ஒவ்வொருவரிடமும் பதிவுக்கு முன்பே சொல்லிவிடுகிறேன்.

ஏப்ரல் 2025 அப்டேட்டுக்குப் பிறகு, வண்ணக் கேமராவுக்கும் முகம் தெரிந்தால்தான் ஹலோ திறக்கிறது. இருட்டில் அகச்சிவப்பு மட்டும் போதாது. இரவு ஷிப்டில் மோல்டிங் கேபினில் விளக்கு மங்கல் என்பதால், மேஜைக்கு மேலே ஒரு டியூப் லைட் போடச் சொல்லி எலக்ட்ரிகல் பகுதிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.