டாக்டர் நாயரும் அப்பாவின் காதும்: பந்தலூர் நாட்குறிப்பு

ஜூலை 9

மூன்று நாளாக விடாத மழை. தேயிலைக் கொழுந்து சொட்டச் சொட்ட ஃபேக்டரிக்கு வந்து இறங்குகிறது. வாடல் தொட்டியில் சூடான காற்றைத் திறந்துவிட்டும் ஈரம் போவேனா என்கிறது. ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் இறுக்கிப் பார்த்தேன். நன்றாக வாடியிருந்தால் பந்து மாதிரி ஒட்டி நிற்கும், காம்பு வளையும். இது படக்கென்று முறிந்தது. அரைவைக்கு விட முடியாது. காலை ஆறு மணிக்கு முடிய வேண்டிய ஷிப்ட் முடிய ஒன்பதாகிவிட்டது.

17ஆம் தேதி டாக்டர் டி.எம். நாயர் நினைவு நாள். படிப்பகத்தில் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள்.

ஜூலை 11

நாயர் என்றால் எல்லோரும் நீதிக்கட்சியில் தொடங்கி நீதிக்கட்சியிலேயே முடிக்கிறார்கள். 1916இல் தியாகராயரும் நடேசனாரும் இவரும் சேர்ந்து அதைத் தொடங்கியது, 'ஜஸ்டிஸ்' பத்திரிகைக்கு இவர் ஆசிரியரானது, 1917இல் சென்னை ஸ்பர்டேங்கில் இவர் பேசிய பேச்சு. தெரிந்த கதைதான். எனக்கு டாக்டர் நாயர்தான் வேண்டும். 1868இல் திரூரில் பிறந்தவர், எடின்பரோவில் மருத்துவம் படித்தவர், சென்னையில் காது மூக்கு தொண்டை பார்த்தவர்.

காது டாக்டர்! இது இத்தனை நாள் எனக்குத் தெரியாமல் போயிற்றே. அப்பா இருபது வருஷத்துக்கு மேல், கொழுந்தை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சிடிசி மெஷின் பக்கத்தில் நின்றவர். இன்று அவர் காதருகே கத்தினால்தான் பாதியாவது கேட்கும். அந்தக் காலத்தில் காதில் வைக்க ஒரு துண்டுப் பஞ்சு கொடுக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

ஜூலை 14

ராத்திரி டியூட்டி இல்லை. குறிப்பு எடுத்து முடித்தேன்.

பம்பாய் மில்களுக்கு மின்விளக்கு வந்ததும் பொழுது சாய்ந்தால் வேலை நிற்கும் என்ற வழக்கம் போய்விட்டது. 14, 15 மணி நேரம் ஓட்டினார்கள். இதை விசாரிக்க 1907இல் தொழிற்சாலைத் தொழிலாளர் கமிஷன் அமைத்தார்கள். நாயரும் அதில் உறுப்பினர். வயது வந்த ஆண்களின் வேலை நேரத்தைச் சட்டம் போட்டு நேராகக் கட்டுப்படுத்த வேண்டாம் என்று மற்றவர்கள் 1908இல் எழுதினார்கள். நாயர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை, நேரடி வரம்பு வேண்டும் என்று தனியாக மறுப்புக் குறிப்பு எழுதிச் சேர்த்தார். 1911 சட்டம் வந்தபோது, துணி மில்களில் ஆண்களுக்கு நாளுக்கு 12 மணி நேரம் என்று வரம்பு வந்தது.

பன்னிரண்டே அதிகம்தான். ஆனால் அதற்கு முன்பு ஆண்களுக்கு வரம்பு என்று ஒன்றே கிடையாது. நாடித்துடிப்பைத் தொட்டுப் பார்த்துப் பழகிய கைதான் அந்தக் குறிப்பை எழுதியது என்று நான் நினைக்கிறேன்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. 1881இல் வந்த முதல் ஃபேக்டரி சட்டம் தேயிலை, காப்பித் தோட்டங்களுக்குள் இருந்த ஃபேக்டரிகளை விட்டுவிட்டது. அதைப் படித்துவிட்டு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

ஜூலை 17

மழையிலும் முப்பது பேருக்குமேல் வந்தார்கள். 1919இல் லண்டனில் அவர் இறந்ததோடு பேச்சை முடித்தேன். அப்போது அவருக்கு 51 வயது. அப்பா முன் வரிசையில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து கஞ்சி குடிக்கும்போது கேட்டார்: "அந்த டாக்டர் எத்தன மணி நேரம்னு சொன்னாருன்னு சொன்ன?"

பத்து விரலையும் விரித்துக் காட்டினேன். அப்புறம் இரண்டு விரல்.

கொஞ்ச நேரம் யோசித்தார். "நாங்க சீசன்ல பதினாறு பாத்தோம் தம்பி" என்றார்.