டாலர் ஏறினால் டிக்கெட் எவ்வளவு ஏறும்?

வெளிநாட்டுப் பயணம் போக நினைக்கும் நண்பர்கள் என்னிடம் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "டாலர் ஏறிடுச்சாமே, டிக்கெட்டை இப்பவே எடுத்துடலாமா?" கச்சா எண்ணெய் விலை செய்தியில் வந்தாலும் இதே கேள்வி வரும். கணக்குப் பார்ப்பது எனக்குப் பிடித்த வேலை என்பதால் சலிப்பதில்லை. நான் திருப்பிக் கேட்பது, எந்தச் செலவுக்கு என்றைக்குப் பணம் கட்டப் போகிறாய் என்பதைத்தான். டிக்கெட், ஓட்டல், கைச்செலவு எல்லாம் நம் பணத்தில் இவ்வளவு என்று முடிவாகும் நாள் வெவ்வேறு.

முதலில் டிக்கெட். வழக்கமான ஆண்டுகளில் விமான நிறுவனங்களின் மொத்தச் செலவில் சுமார் கால் பங்கு எரிபொருளுக்குப் போகிறது. விலை எகிறிய ஆண்டுகளில் இது மூன்றில் ஒரு பங்கையும் எட்டியிருக்கிறது. எண்ணெய்க்கு உலகச் சந்தையில் டாலரில்தான் விலை. அதனால் டாலரும் எண்ணெயும் சேர்ந்து ஏறினால் அடி இரட்டிப்பு. எரிபொருள் 20 சதவீதம், டாலர் 10 சதவீதம் ஏறியதாக வைத்துக்கொள்வோம். நம் பணத்தில் எரிபொருள் 32 சதவீதம் ஏறிவிடும். அதற்காக டிக்கெட்டும் 32 சதவீதம் ஏற வேண்டியதில்லை. எரிபொருள் கால் பங்கு என்றால், அதனால் கூடும் செலவு 8 சதவீதம்தான். நிறுவனங்கள் விமானத்தை எடுத்து ஓட்டக் கட்டும் வாடகை, உதிரிபாகம் போன்றவையும் பெரும்பாலும் டாலரில் என்பதால் இன்னும் கொஞ்சம் சேரும்.

எண்ணெய் விலையும் நாணய மாற்று விகிதமும் ஒரே இடத்தில் சந்திப்பதைப் பார்க்க வேண்டுமானால் ஜப்பானிய விமான நிறுவனங்களின் எரிபொருள் கூடுதல் கட்டண அட்டவணையைப் பாருங்கள். சிங்கப்பூர் சந்தையின் விமான எரிபொருள் விலையை இரண்டு மாதங்களுக்குச் சராசரி எடுத்து, அதை யென்னுக்கு மாற்றி, எந்தப் படியில் விழுகிறதோ அந்தக் கட்டணத்தை வசூலிக்கிறார்கள். எண்ணெய் அசையாமல் இருந்து யென் மட்டும் சரிந்தாலும் படி ஏறிவிடும். கவனிக்க வேண்டியது, பயணம் எப்போது என்பது இங்கே கணக்கில்லை. டிக்கெட் எடுக்கும் தேதிதான் கணக்கு. அடுத்த மாதம் கட்டணம் இறங்கும் என்று அறிவிப்பு வந்துவிட்டால், சில நாள் பொறுத்து எடுப்பதில் நிஜமான லாபம் இருக்கிறது.

மற்ற நிறுவனங்களில் இவ்வளவு வெளிப்படையாக இருக்காது. கட்டண விவரத்தில் ஒய்க்யூ அல்லது ஒய்ஆர் என்று இரண்டெழுத்துக் குறியீடு ஒன்று வரும். வரிகளோடு வரியாக உட்கார்ந்திருந்தாலும் அது அரசாங்கத்துக்குப் போகும் வரி இல்லை; விமான நிறுவனமே போடும் கூடுதல் கட்டணம். அடிக்கடி பறந்து சேர்த்த மைல் புள்ளிகளைக் கொடுத்து "இலவச" டிக்கெட் எடுத்தவர்களிடமும் பல நிறுவனங்கள் இதை விடாமல் வாங்கிவிடும். இலவசம் என்ற சொல்லுக்கு அங்கே அவ்வளவுதான் மரியாதை.

சரி, எண்ணெய் இறங்கினால் டிக்கெட் இறங்குமா? உடனே இறங்காது. 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலர் வரை போனது. அதே ஆண்டு டிசம்பரில் 40 டாலருக்கும் கீழே வந்தது. இந்த மாதிரி ஆட்டத்துக்குப் பயந்து பல நிறுவனங்கள் எரிபொருள் விலையை முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டுக்கொள்கின்றன. விலை ஏறினால் தப்பித்தார்கள். இறங்கினால், ஊரே மலிவாக வாங்கும்போது இவர்கள் பழைய விலையைச் சுமக்க வேண்டும். ஹாங்காங்கின் கேத்தே பசிபிக் 2015, 2016 ஆண்டுகளில் இந்த ஒப்பந்தங்களில் இப்படித்தான் பெரும் நஷ்டம் கண்டது. அதுபோக, சீட்டு நிரம்பும் சீசனில் எண்ணெய் எவ்வளவு மலிந்தாலும் யாரும் விலையைக் குறைக்கப் போவதில்லை.

விலை ஏறாமலே எரிபொருள் செலவு ஏறுவதும் உண்டு. 2022இல் ஐரோப்பிய விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்ட பிறகு, ஒன்பதரை மணி நேரமாக இருந்த ஹெல்சின்கி-டோக்கியோ பயணம் சுமார் 13 மணி நேரம் ஆனது. சுற்றிப் பறக்கும் ஒவ்வொரு மணிக்கும் எண்ணெய் வேண்டும்.

அப்புறம் தரையிறங்கிய பிறகான செலவு. இங்கே எண்ணெயைவிட நாணய மாற்று விகிதம்தான் பெரிய ஆள். 2021 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு சுமார் 103 யென். 2024 நடுவில் 160ஐத் தாண்டியது. டாலர் வைத்திருந்தவருக்கு ஜப்பான் திடீரென்று மலிவான நாடு. ஆனால் நம் பணமும் டாலருக்கு எதிராகச் சரிந்திருந்தால் லாபம் அந்த அளவுக்குக் கரையும். பார்க்க வேண்டியது நம் பணத்துக்கும் யென்னுக்கும் உள்ள விகிதத்தை. மலிவு என்று தெரிந்து கூட்டமும் கூடும். 2024இல் ஜப்பானுக்கு 3.6 கோடிக்கும் மேற்பட்ட வெளிநாட்டவர் போனார்கள், ஓட்டல் வாடகையும் ஏறியது.

நேர் எதிரான கதை சுவிட்சர்லாந்து. 2015 ஜனவரி 15 அன்று அந்நாட்டு மத்திய வங்கி, ஒரு யூரோவின் விலை 1.20 பிராங்குக்குக் கீழே போகாமல் பிடித்து வைத்திருந்த வரம்பை முன்னறிவிப்பில்லாமல் கைவிட்டது. சில நிமிடங்களில் பிராங்க் எகிறியது. ஓட்டல் பணத்தை முன்பே கட்டியிருந்தவருக்கு ஒன்றுமில்லை. அறையைக் காலி செய்யும்போது தருகிறேன் என்றிருந்தவருக்குக் கை சுட்டிருக்கும். நிலையில்லாத நாணயம் என்று தோன்றினால் நான் பாதியை முன்பே கட்டிவிடுவேன், மீதியை ரத்து செய்யக்கூடிய முன்பதிவாக வைப்பேன். முழுதாக ஊகிக்கும் தைரியம் எனக்கில்லை.

விகிதத்தை மாதக்கணக்கில் கவனித்துவிட்டு கல்லாவில் கோட்டை விடுபவர்கள்தான் அதிகம். கார்டைத் தேய்த்ததும் சின்னத் திரையில் இரண்டு தொகை வரும்: ஒன்று அந்த ஊர்ப் பணத்தில், இன்னொன்று நம் பணத்தில். நம் பணத்தில் இருப்பது பார்க்கப் பழக்கமாக இருப்பதால் விரல் தானாக அங்கே போகும். அந்தத் தொகைக்குள் சில சதவீதம் கூடுதலாக ஒளிந்திருப்பது வழக்கம். ஊர்ப் பணத்தையே அழுத்துங்கள். பணம் மாற்றும் இடத்தில் "கமிஷன் இல்லை" என்று பலகை இருந்தால், வாங்கும் விலையையும் விற்கும் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று 96, மற்றது 104 என்றால் அந்த இடைவெளிதான் கமிஷன். மிச்சப்பட்ட நோட்டை அதே கல்லாவில் திருப்பிக் கொடுத்தால் அது இன்னும் தெளிவாகத் தெரியும்.