வைரத்துக்கு நடுவே இரும்பு

கடலூரில் கட்டட வேலை பார்க்கும் எங்களுக்கு உறுதி என்றால், 28 நாள் தண்ணீரில் கிடந்த கான்கிரீட் கியூப்பை மெஷினில் வைத்து உடைப்பதுதான். எம் 25 ரக கான்கிரீட் என்றால் காற்றழுத்தத்தைப் போல சுமார் 250 மடங்கு தாங்கும்.

பூமியின் மையத்தில் அழுத்தமே காற்றழுத்தத்தைப் போல சுமார் 36 லட்சம் மடங்கு! அங்கே இருப்பது பெரும்பாலும் இரும்புதான். அவ்வளவு அழுத்தத்தில் அதன் உறுதியை எப்படி அளப்பது?

இரண்டு வைர முனைகளுக்கு நடுவே கண்ணுக்குச் சரியாகத் தெரியாத இரும்புத் துணுக்கை வைத்து நசுக்குகிறார்கள். அப்புறம் பக்கவாட்டில் எக்ஸ்ரே செலுத்துகிறார்கள். அழுத்தும் திசையில் அணு வரிசைகள் அதிகம் நெருங்கியிருக்கும், குறுக்கே அவ்வளவு இல்லை. அந்த வித்தியாசத்திலிருந்துதான் உறுதியைக் கணக்கிடுகிறார்கள்.

சைட்டில் தம்பி ஒருவன், “அண்ணா, அப்போ அழுத்தத்தை எப்படி அளப்பாங்க?” என்றான். அருமையான கேள்வி. கூடவே ஒரு மாணிக்கத் துகளை வைத்து லேசர் அடிப்பார்கள். அழுத்தம் ஏற ஏற அதன் சிவப்பு ஒளியின் அலைநீளம் கூடும். வைரம் ஒளியை விடுவதால் வெளியிலிருந்தே பார்த்துவிடலாம்.