ஊதா மூடி, பழைய டானிக் பாட்டில்: எங்கள் செவலைக்குச் சினை நின்ற கதை

மாட்டு ரத்தத்தைப் பரிசோதனைக்குக் கொண்டுபோகிறவர்கள், பஸ் ஏறுவதற்கு முன்னால் குழாயின் மூடி என்ன நிறம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கன்று வீச்சு நோய் (மாடு நாள் ஆகும் முன்னே கன்று வீசிவிடும் தொற்று நோய்) இருக்கிறதா என்று பார்க்கச் சிவப்பு மூடிக் குழாய் வேண்டும். நான் கொண்டுபோனது ஊதா மூடி. இரண்டு பஸ் மாறி, ஐஸ் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு போன எனக்கு அது ஆய்வக ஜன்னலில்தான் தெரிந்தது. அன்றைக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர்ப் பக்கம் இரண்டு மாடு மூன்று மாடு வைத்திருக்கும் யாராவது ஒருவருக்கு இந்த அலைச்சல் மிச்சமானால் போதும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் மாடு செவலை, ஜெர்சி கலப்பு. போன ஐப்பசி மழையில் மூன்றாவது ஈத்து ஈன்றது. கணக்குக்கு இருபது நாள் முன்னாடியே ஈன்றுவிட்டது. கிடாரிக் கன்று, எலும்பும் தோலுமாக இருந்தது, பாட்டிலில் பால் கொடுத்துத் தேற்றினோம். இளங்கொடி (நஞ்சுக்கொடி) மட்டும் விழவில்லை. பன்னிரண்டு மணி நேரம் தாண்டினால் டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் மழை, கரண்ட் இல்லை. பக்கத்து ஊரில் மாட்டு வைத்தியம் பார்க்கும் ஒருவர் வந்து, தொங்கின கொடியில் கல்லைக் கட்டினார். அதிலும் விழாததால் கையை விட்டு இழுத்து எடுத்தார். பாதி பிய்ந்து வந்தது. அதை அம்மா வெறுங்கையால் அள்ளி, வைக்கோல் வைத்துச் சாக்கில் கட்டிக் கொடுக்க, நான் கொண்டுபோய் ஊரணிக்கரை ஆலமரத்தில் கட்டினேன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக அப்படித்தான் செய்கிறோம். பால் மரத்தில் கட்டினால் பால் பெருகும் என்று அப்பத்தா சொல்லும்.

மூன்றாம் நாள் செவலைக்கு 105 டிகிரி காய்ச்சல், துணியில் சுற்றி வைத்த பழைய கறி மாதிரி நாற்றம். கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்குப் போன் செய்தோம். வண்டி சாயங்காலமே வந்தது, ஊசி போட்டார்கள், மாடு எழுந்தது. அதோடு முடிந்தது என்று நினைத்தோம்.

தைப் பொங்கலை ஒட்டி முதல் பருவம் வந்தது, மாடு சினைக்குக் கத்தியது. சினை ஊசி போட்டோம். 21 நாளில் திரும்பக் கத்தியது, அதாவது சினை நிற்கவில்லை. இரண்டாவது ஊசி. மறுபடி 21 நாள். மாசியில் மூன்றாவது. ஒவ்வொரு முறையும் ஊசி போட வந்தவர் வண்டியை அணைக்காமலே வேலையை முடித்துவிட்டுப் போனார். வழும்பை (பருவத்தில் மாடு ஒழுக்கும் கோழையை) ஒருதடவைகூடப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை என்பதுதான் என் மனசை அறுக்கிறது. நல்ல வழும்பு கண்ணாடி மாதிரி, அறுபடாத கயிறு மாதிரி தொங்கும். செவலைக்குத் தொங்கினதில் அரிசி நொய் மாதிரி வெள்ளைத் துணுக்குகள் இருந்தன. வாலில் காய்ந்து ஒட்டியிருந்ததை அம்மாதான் கழுவும்போது கவனித்துச் சொன்னது.

அதற்குள் ஆளாளுக்கு யோசனை. "ஊசியெல்லாம் நிக்காது தம்பி, கோயில் காளைக்கு விடு, ஒரே தடவையில நிக்கும்" என்றார் சித்தப்பா. மஞ்சுவிரட்டுக்கு வளர்க்கிற காளை, பார்க்கவே கம்பீரமாக இருக்கும். நல்லவேளை விடவில்லை. கருப்பையில் நோய் இருக்கும் மாட்டைக் காளைக்கு விட்டால் காளைக்கு ஒட்டலாம், அந்தக் காளை ஊர் மாட்டுக்கெல்லாம் கொடுத்துவிடலாம். காளைக்கு வெளியே ஒன்றும் தெரியாது என்று டாக்டர் பிற்பாடு சொன்னார். ட்ரைக்கோமோனியாசிஸ் மாதிரி சில நோய்கள் சேர்க்கையில்தான் பரவுமாம்.

பங்குனியில் நான்காவது முறை கத்தியபோது ஊசி போடாமல் மருந்தகத்துக்கு ஓட்டிப் போனேன். டாக்டர் வழும்பைக் கொஞ்சம் குழாயில் எடுத்து, சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் சூடு காட்டினார். மோர் நிறத்தில் இருந்தது என் கண் முன்னாலேயே மஞ்சளாகிப்போனது. மஞ்சளானால் கருப்பையில் சீழ் இருக்கிறது என்று அர்த்தம். செலவே இல்லாத பரிசோதனை, ஐந்து நிமிடம். மூன்று ஊசிக்கு முன்னால் யாராவது இதைச் செய்திருந்தால் அறுபது நாள் மிச்சமாகியிருக்கும்.

அப்புறம் கேட்டார்: "நாள் முன்னாடியே ஈன்டுச்சா? இளங்கொடியை என்ன செஞ்சீங்க?" சொன்னேன். "வெறுங்கையால எடுத்தது யாரு? அவங்களுக்கு விட்டு விட்டுக் காய்ச்சல் வந்துச்சா?"

எனக்குக் கால் நடுங்கிவிட்டது. கார்த்திகையில் அம்மாவுக்கு ஒரு வாரம் காய்ச்சல், மூட்டெல்லாம் வலி. மழைக் காய்ச்சல் என்று மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். கன்று வீச்சு நோய், அதாவது புரூசெல்லா, மாட்டிலிருந்து மனிதருக்கும் வரும். ஈன்ற மாட்டின் கொடி, ஈனும்போது வரும் தண்ணீர், காய்ச்சாத பால், இவை வழியாக வரும். சீழ் சாதாரணக் கிருமியாலும் வந்திருக்கலாம், ஆனால் புரூசெல்லா இல்லை என்று தெரியாமல் அடுத்த வேலை இல்லை என்றார். ரத்தம் ஒன்று, வழும்பு ஒன்று, இரண்டையும் ஆய்வகத்துக்கு எடுத்துப்போகச் சொன்னார்.

இங்கேதான் கோளாறு. சொல்லிவிட்டு டாக்டர் தடுப்பூசி முகாமுக்குக் கிளம்பிவிட்டார். அங்கிருந்த உதவியாளர் கையில் கிடைத்த ஊதா மூடிக் குழாயில் ரத்தம் எடுத்தார். வழும்புக்குப் பாட்டில் இல்லை என்றார். நான் வீட்டுக்கு ஓடி, டானிக் பாட்டில் ஒன்றை வெந்நீரில் கழுவிக் கொண்டுவந்தேன். கடிதத்தில் மாட்டின் காது வில்லை எண் எழுதும் இடம் காலி. செவலையின் வில்லை எப்போதோ வேலியில் மாட்டி அறுந்துபோயிருந்தது.

ஆய்வகம் போய்ச் சேர்ந்தபோது மணி 12. ஜன்னலில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் மூன்று காரணம் சொன்னார். ஊதா மூடிக்குள் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து தடவியிருக்கும், எங்களுக்கு உறைந்து பிரிந்த சீரம்தான் வேண்டும். டானிக் பாட்டிலில் வந்ததை வளர்த்தால் பாட்டிலில் இருக்கும் கிருமிதான் வளரும். வில்லை எண் இல்லாத கடிதத்தை வாங்க முடியாது. மூன்றும் நியாயம்தான், இப்போது புரிகிறது. ஆனால் எந்தக் குழாய், எவ்வளவு ரத்தம் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள் என்று கெஞ்சினேன். "உங்க டாக்டருக்குத் தெரியும்" என்று ஜன்னலைச் சாத்திவிட்டார். அந்த ஒரு வார்த்தைக்காக ஒரு நாள் கூலியும், பஸ் காசும், அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்ற பயமும்.

வெளியே டீக்கடையில் என்னை மாதிரியே வந்திருந்த ஒரு அக்கா, ஆட்டுக்குப் பரிசோதனைக்கு வந்தவர், எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். அவர் சொன்னதும் டாக்டர் பிறகு உறுதிசெய்ததும் இதுதான். சிவப்பு மூடிக் குழாயை முழுக்க நிரப்பாமல் எடுத்து, சாய்வாக, நிழலில், அசைக்காமல் ஒன்றிரண்டு மணி நேரம் வைக்க வேண்டும். எடுத்த உடனே ஐஸில் போடக் கூடாது. பஸ்ஸில் குலுக்கிக்கொண்டு போனால் ரத்த அணு உடைந்து சீரம் சிவந்துவிடும், அது பயன்படாது. மேலே தேன் நிறத்தில் பிரிந்து நிற்பதை மட்டும் வேறு குழாய்க்கு மாற்றிய பிறகுதான் ஐஸ்.

மறுநாள் செவலைக்குப் புது வில்லை போட்டார்கள். பன்னிரண்டு இலக்கம். அதை நான் போனிலும் தொழுவச் சுவரிலும் எழுதிவைத்திருக்கிறேன், நீங்களும் எழுதிவையுங்கள். நான்கு நாள் கழித்துச் சரியான குழாயில் சீரம் போனது, வாங்கிக்கொண்டார்கள். ரத்தம் எந்த நாளிலும் எடுக்கலாம். வழும்பு அப்படியில்லை, அடுத்த பருவத்துக்குக் காத்திருக்க வேண்டும். ஒரு டானிக் பாட்டிலுக்கு இன்னொரு 21 நாள்.

அந்த 21 நாளில் இன்னொரு தப்பும் நடந்திருக்கும். தெரிந்தவர் ஒருவர் மிச்சம் இருந்த கருப்பை மாத்திரை இரண்டைக் கொண்டுவந்து, உள்ளே வைத்தால் சரியாகிவிடும் என்றார். பரிசோதனைக்கு முன்னால் ஆன்டிபயாட்டிக் போனால் கிருமி வளராது, எந்த மருந்து கேட்கும் என்றும் தெரியாது. மாத்திரையைத் திருப்பிக் கொடுத்ததில் அவருக்குக் கோபம். பரவாயில்லை.

முடிவு வரும்வரை எங்கள் வீடு வீடாக இல்லை. எப்போதும் பாலைக் காய்ச்சித்தான் குடிப்போம், ஆனாலும் அம்மா பொங்கிய பாலை மறுபடி மறுபடி பொங்கவைத்தது. பேரப் பிள்ளைகளைத் தொழுவத்துப் பக்கம் விடவில்லை. கன்றுக்குட்டியைத் தடவப் போன சின்னவளை அதட்டிவிட்டு, தானே அடுப்படியில் உட்கார்ந்து அழுதது. "நாந்தான அள்ளிப்போட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னது. அம்மாவுக்குக் காரைக்குடியில் தனியாக ரத்தம் பார்த்தோம்.

பத்தாவது நாள் வேலைக்கு லீவு போட்டு ஆய்வகம் போனேன். "முடிவை டாக்டருக்கு அனுப்பி ரெண்டு நாளாச்சே" என்றார்கள். இரண்டாவது வீண் பயணம். கொடுக்கும்போதே முடிவு யாருக்கு, எப்படி வரும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பஸ் ஸ்டாண்டில் நின்று டாக்டருக்குப் போன் செய்தேன். "நெகட்டிவ்ப்பா" என்றார். அம்மாவுடையதும் நெகட்டிவ். அன்றைக்கு அம்மா சின்னவளைத் தூக்கிக்கொண்டு போய்க் கன்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது.

மற்றது சுருக்கம். காத்திருந்த பருவம் பங்குனிக் கடைசியில் வந்தது. டாக்டரே கிருமி நீக்கிய குழாயில் வழும்பு எடுத்தார், அன்றே கொண்டு சேர்த்தேன். எந்த மருந்து கேட்கும் என்று மூன்று நாளில் தெரிந்தது. அந்த மருந்தைக் கருப்பைக்குள் மூன்று நாள் ஏற்றினார். முன்பு காய்ச்சலுக்குப் போட்டிருந்த மருந்து அந்தக் கிருமிக்குக் கேட்கவே கேட்காது என்று தாளில் இருந்தது. மருந்து ஏற்றிய நாட்களிலும், டாக்டர் சொன்ன கெடு முடியும்வரையும் சொசைட்டிக்குப் பால் ஊற்றவில்லை. அந்தப் பருவத்தில் சினை ஊசியும் போடவில்லை.

அடுத்த பருவம் சித்திரையில், விடியற்காலை ஐந்து மணிக்குக் கத்தியது. டார்ச் அடித்துப் பார்த்தேன். வழும்பு வாலிலிருந்து தரைவரை ஒரே கம்பியாக, தண்ணீர் மாதிரித் தெளிவாகத் தொங்கியது. ஒரு துணுக்கு இல்லை. காலையில் கத்தினால் சாயங்காலம் ஊசி, சாயங்காலம் கத்தினால் மறுநாள் காலை. அன்று சாயங்காலம் ஐந்தரை மணிக்கு ஊசி போட்டது. வைகாசியில் 21-ஆம் நாள் ராத்திரி முழுக்க நான் தொழுவத்தில் கட்டில் போட்டுப் படுத்திருந்தேன். செவலை அசை போட்டுக்கொண்டு படுத்தே கிடந்தது. ஆடியில் டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே "நின்னிருக்கு, ரெண்டரை மாசம்" என்றார்.

கன்றுக்கும் புரூசெல்லா தடுப்பூசி போட்டாயிற்று. கிடாரிக் கன்றுக்கு மட்டும், நான்கு மாதத்திலிருந்து எட்டு மாதத்துக்குள், வாழ்நாளில் ஒரே தடவை. போட்ட தேதியைக் குறித்துவையுங்கள். பின்னால் ரத்தம் பார்க்கும்போது தடுப்பூசியாலேயே பாசிட்டிவ் காட்டக்கூடும்.

செவலைக்குத் தை மாதக் கடைசியில் நாள். தென்னைக்கு அந்தப் பக்கம் ஆழமாகக் குழி வெட்டி, ஒரு மூட்டை சுண்ணாம்பு வாங்கிப் போட்டிருக்கிறேன். தோள்வரை வரும் கையுறை இரண்டு ஜோடி ஆணியில் தொங்குகிறது. இந்தத் தடவை இளங்கொடி குழிக்குத்தான் போகும் என்று அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரிப்பா, ஆலமரத்துக்கு ஒரு வைக்கோல் பிரி மட்டும் கட்டிக்கிறேன்" என்றது.